பிடாரா என்றால் இலந்தை: கிள்ளான் பள்ளத்தாக்கில் பழத்தை அறிந்து வாங்க, பக்குவம் பார்த்துச் சாப்பிட

மலாக்கா மாநிலத்தில் மஸ்ஜித் தானா பக்கம் இருக்கும் தஞ்சோங் பிடாரா கடற்கரைக்கு இங்கிருந்து வார இறுதியில் போய் வருபவர்கள் பலர். அந்தப் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ‘இலந்தை முனை’ என்று வரும். மலாயில் பிடாரா என்று அழைக்கப்படும் மரம் நம் இலந்தை மரம்தான்.

“இலந்தைப் பழமா? அதெல்லாம் ஊரில்தான் கிடைக்கும்” என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் பேரங்காடியில் இலந்தைப் பழத் தட்டைத் தாண்டியே போகிறார்கள். பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஜுஜுபி என்றோ எப்பல் சியாம் என்றோ இருப்பதும், அது ஒரு சின்னப் பச்சை ஆப்பிள் போல இருப்பதும் காரணம். 1968-ல் வந்த ‘பணமா பாசமா’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய எலந்தப்பழப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இலந்தை என்றாலே சுண்டுவிரல் நுனி அளவில் சிவந்த பழம்தான் நினைவுக்கு வரும். இன்னொரு பக்கம், தெரிந்து வாங்குபவர்களிலும் சிலர் நல்ல பச்சைக் காயாகப் பார்த்து வாங்கி, மாங்காயைப் போல அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டு, சுருங்கிப்போனதும் குப்பையில் போடுகிறார்கள். இலந்தை அப்படிப் பழுக்கிற பழம் அல்ல. அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

பெயரின் பயணம்

பிடாரா என்ற சொல்லுக்கும் பிடாரி அம்மனுக்கும் தொடர்பில்லை. வடமொழியில் இலந்தைக்குப் பதரம், பதரி என்று பெயர். அது கடல் கடந்து மலாயில் பிடாரா ஆனது, சாவகத்தில் விதாரா ஆனது. தமிழில் வதரி ஆனது. இமயமலையில் உள்ள பத்ரிநாத்தின் பெயரில் இருப்பதும் இந்த மரமே. திருமங்கையாழ்வார் அத்தலத்தை வதரி என்றே பாடியிருக்கிறார். நாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள கீழ்வேளூர்ச் சிவன் கோயிலின் தலமரம் இலந்தை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட போர்ட் கிள்ளானில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களின் பாட்டன்மார் விட்டுவந்த மரம் இங்கே வேறு பெயரில் முன்பே நின்றுகொண்டிருந்தது.

நிகண்டுகளில் இலந்தைக்கு இரத்தி, குல்வலி என்ற பெயர்களும் உண்டு. புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய 34-ஆம் பாட்டில், ஊர்ப் பொதுமன்றத்தில் ஓங்கி வளர்ந்த இரத்தி மரம் வருகிறது. அதாவது, ஊர் கூடும் இடத்தில் ஆலமரத்துக்கும் வேம்புக்கும் உரிய இடம் ஒரு காலத்தில் முள் நிறைந்த இலந்தைக்கும் இருந்திருக்கிறது.

இந்த மரத்துக்குச் சிசிபஸ் மொரிஷியானா என்ற தாவரவியல் பெயரை 1789-ல் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் லமார்க். பெயரில் மொரிஷியஸ் இருந்தாலும் மரம் தெற்காசியாவில் தொன்றுதொட்டு வளர்வது. தாய்லாந்தில் புட்சா, கரீபியத் தீவுகளில் டங்க்ஸ். ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில் ‘சைனி ஆப்பிள்’ என்ற பெயரில் மேய்ச்சல் நிலங்களை ஆக்கிரமிக்கும் களையாகவே அதைப் பார்க்கிறார்கள்.

எது இலந்தை, எது இல்லை

நம் வட்டாரத்தில் இலந்தை என்றோ அதன் உறவென்றோ சொல்லத்தக்கவை நான்கு வகையில் கண்ணில் படும்.

முதலாவது, பெரிய பச்சை இலந்தை. கோழி முட்டை அளவிலோ அதற்குச் சற்றுச் சிறிதாகவோ இருக்கும். மெல்லிய, பளபளப்பான தோல். உள்ளே வெள்ளைச் சதை, நறுக்கென்று கடிபடும். தைவானில் காவ்சியோங், பிங்டுங் பகுதிகளில் இதைப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். அங்கே அறுவடை டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். நம் கணக்கில் பொங்கலுக்குச் சற்று முன் தொடங்கிச் சீனப் பெருநாளையும் தாண்டும். தமிழ்நாட்டில் இப்போது ‘ஆப்பிள் இலந்தை’ என்று விற்கப்படுவதும் இதே வகையைச் சேர்ந்த தாய்லாந்து இரகம்தான். சின்ன நாட்டு இலந்தையும் இந்தப் பெரியதும் ஒரே இனம். தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டி வளர்த்ததால் வந்த வேறுபாடே அளவும் இனிப்பும்.

இரண்டாவது, வீட்டு வாசலில் நிற்கும் பிடாரா. மலாய்க் குடும்பங்கள் பல இதைப் பழத்துக்காக அல்லாமல் இலைக்காக வளர்க்கின்றன. இறந்தவரை நீராட்டவும் ருக்யா என்னும் ஓதிப் பார்க்கும் வழக்கத்திலும் அந்த இலை பயன்படுகிறது. இலையைக் கசக்கித் தண்ணீரில் கலக்கினால் நுரை வரும். தாமானில் இப்படி ஒரு மரத்தைக் கண்டால், வேலிக்கு வெளியே தொங்கும் கிளைதானே என்று கை வைக்காமல் கேட்டுவிட்டுப் பறிப்பது நல்லது. வீட்டுக்காரருக்கு அது வெறும் பழமரம் அல்ல. நாற்றுப் பண்ணைகளில் ‘பிடாரா அராப்’ என்று தனியாக ஒன்று விற்பார்கள். அது சிசிபஸ் ஸ்பைனா கிறிஸ்டி என்ற வேறு இனம். அதன் பழமும் உண்ணத்தக்கதே, சிறியது, உருண்டையானது.

மூன்றாவது, சீன மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் கிடைக்கும் சிவப்புப் பேரீச்சை. ‘ரெட் டேட்ஸ்’ என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். இதற்கும் பேரீச்சைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது இலந்தையின் ஒன்றுவிட்ட தம்பி, சிசிபஸ் ஜுஜுபா. குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரம், வட சீனாவில் விளைவது. பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொதிக்க வைத்துக் கொடுக்கும் பழக்கம் சீனர்களிடம் உண்டு. ஜுஜுபி என்ற ஒரே பெயர் இதற்கும் பச்சை இலந்தைக்கும் ஒட்டிக்கொண்டதால் குழப்பம் தீருவதாயில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சமையலில் போட முடியாது.

நான்காவது, தமிழ்நாட்டுப் பொட்டலமாக வரும் இலந்தை வடை. அதற்குப் பிறகு வருவோம்.

ஒரு எச்சரிக்கை. ‘பிடாரா லாவுட்’ என்ற பெயரில் வழங்கும் செடிகள் இலந்தை அல்ல. அந்த ஒரே பெயரை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு செடிகளுக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றில் எட்டிக்கு உறவான செடியும் ஒன்று. பெயரில் பிடாரா இருக்கிறது என்று காயையோ பட்டையையோ வாயில் வைக்க வேண்டாம்.

மரத்தை உறுதி செய்ய இலையைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் கரும்பச்சையாகப் பளபளக்கும். அடிப்புறம் வெள்ளை அல்லது மங்கிய பழுப்பு நிறத்தில், வெல்வெட் துணியைத் தொட்டது போல மெத்தென்று இருக்கும். காம்பிலிருந்து மூன்று நரம்புகள் நீளவாக்கில் தெளிவாக ஓடும். கிளை சற்றுக் கோணல் மாணலாக வளைந்து வளைந்து போகும். இலைக்காம்பின் அடியில் முள் இருக்கும். பல இடங்களில் இரண்டு முட்கள், ஒன்று நேராக, ஒன்று கொக்கி போல வளைந்து. பூ சிறியது, மஞ்சள் கலந்த பச்சை, வாடை அவ்வளவு இனியதல்ல. பழத்தை நறுக்கினால் நடுவில் ஒரே ஒரு கொட்டை, மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும். ஆப்பிளில் பல விதைகள், கொய்யாவில் எண்ண முடியாத விதைகள், கெடோண்டோங்கில் நார் நீட்டிக்கொண்டிருக்கும் கொட்டை. ஆகவே ஒரு பழத்தை வெட்டிப் பார்த்தாலே ஐயம் தீர்ந்துவிடும்.

பக்குவம்

இலந்தையை வாங்குவதில் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். பழம் மரத்தில் நாலு நிலைகளைக் கடக்கிறது. முதலில் அடர்ந்த பச்சை. இது காய். துவர்ப்பும் புளிப்பும் மேலோங்கி இருக்கும். அடுத்து நிறம் வெளுத்து, பச்சையில் மஞ்சள் ஓடத் தொடங்கும். தோல் இறுகி மினுங்கும், சதை நறுக்கென்று சாறோடு இருக்கும். பெரிய இரகங்களைச் சாப்பிடச் சரியான தருணம் இதுதான். மூன்றாவது, பொன்மஞ்சளில் செம்பழுப்புத் திட்டுகள் பரவும் நிலை. இனிப்பு கூடும், சதை இளகி மாவு போல ஆகத் தொடங்கும். கடைசியில் முழுவதும் பழுப்பாகி, தோல் சுருங்கி, சதை பஞ்சு போல ஆகிவிடும். ஆப்பிள் மணம் போய், நெடியான ஒரு வாசனை வரும். பிடிக்காதவர்களுக்கு அது கெட்டுப்போன பழம். நாட்டு இலந்தை தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனைதான் இலந்தை வாசனை. இதில் சரி தவறு கிடையாது.

முழு வளர்ச்சி அடைந்த பிறகு பறித்த பழம் வீட்டில் இருந்தாலும் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், மெதுவாகும். வளர்ச்சி முடியாமல் பறித்த காயோ, அரிசிக்குள் புதைத்தாலும் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் கட்டி வைத்தாலும், நிறம் மாறுமே தவிர இனிப்பு ஏறாது. இனிப்பு மரத்தில் இருக்கும்போதே சேர வேண்டியது. அதனால் கடையில் பழம் எடுக்கும்போதே நிறம் பார்த்து எடுக்க வேண்டும். ‘வீட்டில் வைத்தால் பழுத்துவிடும்’ என்ற கணக்கு இலந்தையிடம் செல்லாது.

பார்த்து எடுக்கச் சில குறிப்புகள்: ஒரே அளவில் கனமாக இருக்கிறதா என்று கையில் வைத்துப் பாருங்கள். காம்புக் குழி வறண்டு, பூஞ்சை இல்லாமல் இருக்க வேண்டும். ஊசி குத்தியது போன்ற புள்ளியும், அதைச் சுற்றிச் சிறு பள்ளமும் இருந்தால் பழ ஈ முட்டையிட்ட தடம். புழு வெளியே தெரியாது, கொட்டையை ஒட்டியே சதையைத் தின்னும். வீட்டு மரப் பழமாக இருந்தால் கடித்துத் தின்னாமல், முதலில் கத்தியால் பிளந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஊரில் அரை இருட்டில் தின்றுவிட்டால் புழு தெரியாது என்று கேலியாகச் சொல்வார்கள். இங்கே விளக்கைப் போட்டே தின்னலாம்.

வாங்கிய பழத்தைக் கழுவாமல், காற்றோட்டமுள்ள பையில் குளிர்ப்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். நம் வெக்கையில் வெளியே வைத்தால் சில நாட்களில் மூன்றாம் நிலைக்குப் போய்விடும். மாவுப் பக்குவம் பிடிப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி வெளியே வைக்கலாம். சாப்பிடும் நேரத்தில்தான் கழுவ வேண்டும்.

எப்படிச் சாப்பிடலாம்

தோலை உரிக்க வேண்டாம். பெரிய பழத்தைக் கொட்டையை விட்டு நாலாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்பது தமிழ்நாட்டு வழி. கொய்யாவுக்கு ஆசாம்போய்ப் பொடி தூவித் தின்னும் நம் மலேசிய வழியும் இதற்கு மிகப் பொருந்தும். என் வாய்க்கு உப்பு மிளகாயைவிட ஆசாம்போய்தான் ஒரு படி மேல். இனிப்பு குறைவாக, சற்றுப் பச்சையாக வாங்கிவிட்டால் வீணாக்க வேண்டாம். சீவி ரோஜாக்கில் சேர்க்கலாம், மாங்காய் போல உடனடி ஊறுகாயும் போடலாம்.

இலந்தை வடைக்கு வருவோம். எண்ணெயில் பொரிப்பதில்லை, பெயர்தான் வடை. நன்றாகப் பழுத்துச் சிவந்த நாட்டு இலந்தையைக் காய்ந்த மிளகாய், உப்பு, புளி, பெருங்காயம், வெல்லம் சேர்த்து உரலில் கொட்டையோடு இடித்து, தட்டித் தட்டி வெயிலில் காய வைப்பார்கள். பள்ளிக்கூட வாசல் தின்பண்டங்களில் தமிழ்நாட்டில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலோ தமிழ்நாட்டு மிட்டாய், வற்றல் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியையும், பொட்டலத்துக்குள் ஈரம் கசிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு: பெரிய பச்சை இலந்தையில் இது வராது. அதில் நீர் அதிகம், புளிப்பு போதாது. இடித்தால் ஜாம்தான் கிடைக்கும். வீட்டு பிடாரா மரத்தின் சின்னப் பழங்கள் பழுப்பாகி இளகிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ பழத்துக்கு எட்டுப் பத்துக் காய்ந்த மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, ஒரு கைப்பிடி வெல்லம், உப்பு, சிட்டிகை பெருங்காயம் போதும். பல் பலவீனமானவர்கள் கொட்டையை எடுத்துவிட்டு இடிப்பது நல்லது. இங்கே மாலை மழையை நம்பி வெயிலில் வைக்க முடியாது. ஓவனின் மிகக் குறைந்த சூட்டில், கதவைச் சற்றே திறந்து வைத்து, கையில் ஒட்டாத வரை காய விடுங்கள்.

சத்து என்று பார்த்தால், 100 கிராம் இலந்தையில் ஏறத்தாழ 60 முதல் 70 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சுக்குக் குறைந்ததல்ல, ஆனால் கொய்யாவை எட்டாது. இலந்தை தின்றால் அந்த நோய் தீரும், இந்த நோய் தீரும் என்று புலனத்தில் சுற்றும் செய்திகளை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. இந்தியர்களிடையே விகிதம் அதைவிடக் கூடுதல். பழமாக ஒன்றிரண்டு தின்பது வேறு, வெல்லமும் உப்பும் சேர்ந்த வடையைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்பது வேறு. சிறு குழந்தைகளுக்குக் கொட்டை தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. அரிந்தே கொடுங்கள்.

வீட்டில் வளர்க்க

இலந்தை வறண்ட நிலத்து மரம். தெளிவான உலர் மாதங்கள் உள்ள பெர்லிஸ், கெடா பக்கம் அதற்கு ஏற்ற இடம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மரம் செழித்து வளரும், இலை அடர்ந்து நிற்கும், ஆனால் பழத்தில் இனிப்பு குறையும், பூஞ்சையும் தொற்றும். நாள் முழுக்க வெயில் படும் மேட்டு இடத்தில், தண்ணீர் தேங்காமல் வைத்தால் ஓரளவு பலன் உண்டு. விதையில் முளைத்த கன்று எப்படிப் பழம் தரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்று வாங்குவதே மேல். பல இரகங்கள் தம் சொந்த மகரந்தத்தில் சரியாகக் காய்ப்பதில்லை. பூத்துக் கொட்டியும் காய் பிடிக்காத ஒற்றை மரத்துக்கு அருகில் வேறு இரகம் ஒன்று வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாடு போய் வருபவர்கள் பையில் பழமோ விதையோ கன்றோ போட்டுக் கொண்டுவர நினைத்தால், 2011-ஆம் ஆண்டின் மலேசியத் தனிமைப்படுத்தல், ஆய்வுச் சேவைகள் சட்டத்தின்படி அதற்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற்றிருக்க வேண்டும். பழ ஈயும் நோயும் ஊர் விட்டு ஊர் வருவது இப்படித்தான். விமான நிலையத்தில் பறிகொடுத்து நிற்பதைவிட இங்குள்ள நாற்றுப் பண்ணையில் பிடாரா என்று கேட்டு வாங்குவது எளிது. பெயரைச் சொல்லும்போது ‘அராப்’ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இலந்தை புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் பூக்கும். அதனால் பழம் முடிந்ததும் கிளைகளை நன்றாகக் கழித்துவிட வேண்டும். பாவம் பார்த்து விட்டுவிட்டால் மரம் வீட்டு உயரத்துக்குப் போய்விடும், பழம் எட்டாது. கழிக்கும்போது தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கொக்கி முள் துணியைப் பிடித்தால் பின்னால் இழுக்காதீர்கள், முன்னால் தள்ளி எடுத்தால்தான் விடும்.